எண்பத்தைந்து வாங்காத காரணம்

யதுகுலன் இன்றைக்கும் கேட்டான்:
"கமராவை மாத்திப்போட்டு
ஏன் அக்கா எண்பத்தைஞ்சை எடுக்கேல்ல?"
காசில்லை என்றேன்.
அது பாதி உண்மை.

வவுனியாவில், குருமன்காட்டில்,
கனடாவுக்கு வெளிக்கிட இருந்த ஒருவரிடம் வாங்கினது.
ஃபுல்ஃபிரேம். ஷட்டர் நாற்பத்தோராயிரம் தரம் விழுந்திருந்தது.
பிடியில் றப்பர் கொஞ்சம் கிளம்பி இருந்தது.
சீட்டுக்காசு போனது, சங்கக் கடன் ஏறினது,
ஒரு காப்பு அடகுக்குப் போனது.
மற்றக் காப்பு கையில் தனியே கிடந்து
சத்தம் போடாமல் இருக்கப் பழகுகிறது.

பஸ்ஸில் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
முறிகண்டியில் எல்லாரும் கச்சான் வாங்க இறங்க
நான் இறங்கவில்லை.
பக்கத்துச் சீற்றில் இருந்தவ கேட்டா:
"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

வீட்டில் முதலில் பழைய லென்ஸைப் பூட்டினேன்,
சின்னச் சென்சருக்கென்று செய்தது.
நடுவில் வட்டமாய் வெளிச்சம்.
சுற்றிவர இருட்டு.
"கிணத்துக்குள்ள இருந்து எடுத்த மாதிரி" என்றாள் மகள்.
எட்டு வயது. அவளுக்குக் கிணறுதான் தெரியும்.
பங்கர் வாயால் நான் பார்த்த வானமும்
இதே அளவுதான்.
கழற்றி, மூடியைப் போட்டேன்.

பிறகு ஐம்பது.
ஒன்பது வருசம் அந்த ஐம்பது
எழுபத்தைந்தாய் நின்று உழைத்தது.
மணவறைக்கு எவ்வளவு தள்ளி நிற்கவேணும் என்று
என் காலுக்குத் தெரியும்.
இப்போது அதே இடத்தில் நின்றால்
முகம் தூரப் போகிறது,
ஓரங்கள் வந்து நிற்கின்றன:
கதிரை அடுக்குகிற பொடியன்,
செருப்பைத் துழாவுகிற கால்,
பூசாத சுவரில் கரியால் எழுதிய
தண்ணீர் பவுசர்க் கணக்கு,
சொல்லி அனுப்பாமலே வந்து
தூணோடு நிற்கிற ஒரு பெரியம்மா.
ஒன்றரை மடங்கு, ஒன்றரை மடங்கு என்று
நான் பாடமாக்கி வைத்திருந்தது
இவர்களைத்தான்.

சாமத்திய வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்:
"பின்னுக்கு இருக்கிறது தெரியாமல் எடுங்கோ."
எண்பத்தைந்து அதைச் செய்யும்.
தகரத்தையும் தறப்பாளையும் உருக்கி
பச்சைப் புகாராக்கும்.
நல்ல லென்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பரந்தனில் இருந்து பத்மலோசனி என்று ஒருவர்
இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வருவா.
ஒரே படம்.
ஆரோ ஒருவற்ற கலியாணம், பதினேழு பேர்,
கடைசி ஓரத்தில் மகன்.
"இவனை மட்டும் எடுத்துத் தா பிள்ளை."
வெட்டி, பெருப்பித்து, லமினேற் பண்ணிக் குடுப்பேன்.
வெயிலில் றோட்டோரம் பிடித்துக்கொண்டு இருந்தால்
எந்த மையும் மங்கும்.
திரும்ப வருவா.

அவன் தோளில் ஒரு கை கிடக்கிறது.
நாலு விரல், ஒரு மோதிரம்.
மூலப் படத்திலும் அந்தக் கைக்கு ஆள் இல்லை.
கடதாசி அங்கேயே முடிகிறது.
"அழிச்சு விடட்டோ?" என்று ஒருநாள் கேட்டேன்.
"கிடக்கட்டும். அந்தப் பிள்ளையையும்
ஆரும் தேடுவினம்."

எடுத்தவருக்குப் பின்னால்
அன்றைக்கு என்ன இருந்ததோ,
சுவரோ, பந்தியோ, அவசரமோ.
அரையடி போதும்.
இப்போது எந்த லென்ஸைப் பூட்டியும்
அந்த அரையடியை வாங்க ஏலாது.

யதுகுலன்,
முப்பத்தைந்து ஒன்று எடுத்திருக்கிறேன்.
பாவித்தது, முன்கண்ணாடியில் ஒரு கீறல்.
வைகாசியில் இரண்டு கலியாணம் இருக்கு.
பொம்பிளையைத் தனிய எடுக்க
உன்ர எண்பத்தைந்தை இரவல் தா,
இரண்டு நாளில் தருவன்.
குறூப் படத்துக்கு மட்டும்
என்னை ஒருத்தரும் அவசரப்படுத்தக்கூடாது.
நான் பின்னுக்குப் போவன்,
வேலி முதுகில் முட்டும் மட்டும்.